கரும்பு இல்லாத காசு

மளிகைக் கடையில் இன்று கல்லா இரண்டு. ஒன்று, பலகையில் குடைந்த குழிகளோடு வருஷக்கணக்காக அங்கேயே இருப்பது: பென்னிக்கு ஒரு குழி, மூன்று பென்ஸுக்கு ஒன்று, அப்புறம் ஆறு பென்ஸ், ஷில்லிங், ஃப்ளோரின். இன்னொன்று நேற்றுவரை பிஸ்கட் இருந்த தகர டின். அதில் வங்கியிலிருந்து வாங்கி வைத்த புதுக் காசு, சுற்றிய காகிதம் பிரியாமல் கிடக்கிறது. கடைக்காரர் குஜராத்தி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு சுருளை மேசை விளிம்பில் தட்டி உடைக்கிறார். செம்பு நிறத்தில் சின்னச் சின்னச் சில்லறை கொட்டுகிறது.

1969 ஜனவரி 13, திங்கட்கிழமை. விட்டி லெவு தீவின் மேற்குக் கரை. லௌதோகாவுக்கும் நாந்திக்கும் நடுவே கரும்பு வயல்களை ஊடறுத்துப் போகும் சாலையோரம். இன்றிலிருந்து பிஜி பவுண்டு போய் பிஜி டாலர். ஒரு பவுண்டுக்கு இரண்டு டாலர், பத்து ஷில்லிங்குக்கு ஒரு டாலர், ஒரு ஷில்லிங்குக்குப் பத்து சென்ட். ஆஸ்திரேலியா 1966இலும் நியூசிலாந்து 1967இலும் செய்த அதே மாற்றம்தான். சுவாவில் இன்னும் ஆங்கிலேய கவர்னர் இருக்கிறார். 1874 முதல் இது பிரிட்டிஷ் காலனி. விடுதலை வரும் என்ற பேச்சு எங்கும் உண்டு. என்றைக்கு என்பது இந்தக் கடையில் யாருக்கும் தெரியாது. அதற்கு இன்னும் 21 மாதம் இருக்கிறது.

பார்ப்பது ஒன்றே இந்தச் சித்திரத்தில் எனக்கு வேலை. பேசுகிறவர்களுக்குப் பெயர் வைக்கப் போவதில்லை. அந்த வாரம் மேற்கு விட்டி லெவுவின் எந்தக் கடைவாசலிலும் நின்றிருக்கக்கூடியவர்கள் இவர்கள்.

மழை விட்டும் விடாமலும் பெய்கிறது. ஆலை ஓய்ந்திருக்கும் காலம் இது. அரைப்பு ஆண்டின் நடுவில் தொடங்கி ஆண்டுக் கடைசிவரை நடக்கும். மற்ற மாதங்களில் புகைபோக்கியில் புகை இராது, விவசாயி கையில் பணமும் இராது. கரும்புக் காசு மொத்தமாக வருவதில்லை. தவணை தவணையாக வரும். ஒரு தவணைக்கும் அடுத்ததற்கும் நடுவே குடும்பத்தைக் காப்பாற்றுவது கடைக்காரரின் கடன் நோட்டு. அரிசி, பருப்பு, ரொட்டிக்கான சார்ப்ஸ் மாவு, மண்ணெண்ணெய், மீன் டின், எல்லாம் அதில் ஏறும்.

இன்று அந்த நோட்டுக்கும் புதுக் கணக்கு. பக்கத்துக்கு மூன்று கட்டம்: பவுண்டு, ஷில்லிங், பென்ஸ். கடைக்காரர் ஒவ்வொரு பெயரின் அடியிலும் சிவப்பு மையால் கோடு கிழித்து, பாக்கியை இரண்டால் பெருக்கி டாலரில் எழுதிக்கொண்டு போகிறார். பதினான்கு பவுண்டு பாக்கி இருபத்தெட்டு டாலர் ஆகிறது. கடன்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து முகம் வெளுக்கிறார். கடன் அதே கடன், எண்தான் இரட்டித்தது என்று அவருக்குப் புரியவைக்க, கடைக்காரர் பழைய எண்ணையும் புது எண்ணையும் மாறி மாறி விரலால் தொட்டுக் காட்டுகிறார். வந்தவர் தலையாட்டுகிறார். ஆனாலும் வாங்க வந்த நெய்யை வாங்காமலே போகிறார். நாணய மாற்றத்தைப் பற்றி அரசாங்கங்கள் எழுதி வைக்கும் அறிக்கைகளில் இந்த நெய் ஒரு நாளும் ஏறுவதில்லை.

மூதாட்டி ஒருவர் பேரனைக் கூட்டிக்கொண்டு படியேறுகிறார். எழுபதைத் தாண்டிய வயது. புடவை முந்தானையை உதறி, முடிச்சை அவிழ்த்து, ஒரு நூலை எடுத்து மேசைமேல் வைக்கிறார். நூல் நிறையப் பென்னி.

பிஜிப் பென்னியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். நடுவில் ஓட்டை. வெள்ளி போலத் தெரியும் செம்பு நிக்கல் கலவை. முகம் கிடையாது, ஓட்டை இருக்கும் இடத்தில் முகம் எப்படி வரும்? ஆள்பவரின் பெயர் எழுத்தாக ஓட்டையைச் சுற்றி வருகிறது, அவ்வளவுதான். 1934வரை இந்தக் காலனிக்கென்று தனிக் காசு இல்லை. பிரிட்டன் காசே புழங்கியது. அந்த ஆண்டு அடித்த முதல் வரிசையில் அரைப் பென்னிக்கும் பென்னிக்கும் ஓட்டை வைத்தார்கள். ஆறு பென்ஸில் கடலாமை, ஷில்லிங்கில் பாய்மரப் படகு, ஃப்ளோரினில் காலனியின் கேடயச் சின்னம். மூன்று பென்ஸ் பிற்பாடு, 1947இல், பன்னிரண்டு மூலையோடு வந்தது. அதில் ஒரு கூரைவீடு.

காலனிக் காசுகளில் இந்த ஓட்டைப் பென்னி எனக்கு மிகவும் பிடித்தது. அரசன் முகத்தை முன்னே நீட்டாமல் புழக்கத்துக்கு வந்த காசு. கோத்து வைக்கலாம், இடுப்பில் கட்டலாம், ஆணியில் மாட்டலாம். ஏழைகள் அதை உண்மையாகவே நூலில் கோத்தார்கள்.

பேரன் நூலை உருவுகிறான். காசுகள் ஒவ்வொன்றாக விழுகின்றன. நடுவே நாலைந்து மட்டும் மஞ்சளாக இருக்கின்றன. அவை பித்தளை. போர் நடந்தபோது, 1942இலும் 1943இலும், பிஜிக்கான காசை அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நாணய ஆலையில் அடித்தார்கள். பென்னியைப் பித்தளையில் வார்த்தார்கள். ஆண்டுக்குப் பக்கத்தில் பொடியாக ஓர் ஆங்கில ‘எஸ்’ எழுத்து இருக்கும், அந்த ஆலையின் அடையாளம். சில்லறைத் தட்டுப்பாட்டில் ஒரு பென்னிக்குக் காகித நோட்டே அச்சடித்த காலம் அது. இன்னொரு காசில் 1936 என்று இருக்கிறது. அதில் எட்டாம் எட்வர்டின் பெயர். முடிசூடாமலே அரியணையை விட்டுப் போன அந்த அரசரின் முகம் அவரது நாட்டின் புழக்கக் காசில் வரவே இல்லை. முகம் தேவைப்படாத இந்த ஓட்டைக் காசில் பெயர் மட்டும் முந்திக்கொண்டது. மூதாட்டிக்கு அதெல்லாம் பென்னி, மற்றதும் பென்னி.

“இருபத்து நாலு இருக்குது, ஆயா.”

கடைக்காரர் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பார்க்கவில்லை. பன்னிரண்டு பென்னிக்குப் பத்து சென்ட் என்பது இதற்குள் மனப்பாடம் ஆகிவிட்டது. டின்னுக்குள் கைவிட்டு ஒரே ஒரு காசை எடுத்து வைக்கிறார். 20 சென்ட்.

“இத்தனைக்கும் இது ஒண்ணுதானா?”

“ரெண்டு ஷில்லிங், ஆயா. பழைய ஃப்ளோரின் மாதிரிதான். கையில வெச்சுப் பாரு.”

பார்க்கிறார். உள்ளங்கையில் வைத்து இரண்டு தடவை மேலும் கீழும் அசைக்கிறார். பேரன் சொன்னது சரி. 5 சென்ட் பழைய ஆறு பென்ஸின் அளவு, 10 சென்ட் ஷில்லிங்கின் அளவு, 20 சென்ட் ஃப்ளோரினின் அளவு. இந்த மூன்றிலும் அளவும் மாறவில்லை, மதிப்பும் மாறவில்லை. இருட்டில் தடவிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். திண்டாட்டமெல்லாம் அதற்குக் கீழேதான். ஒரு பென்னி ஒரு சென்டை எட்டாது. மூன்று பென்ஸ் இரண்டரை சென்ட். அரை சென்டுக்குக் காசே அடிக்கவில்லை. பணக்காரருக்கு ஷில்லிங்கோடு கணக்கு முடிந்துவிடும். பென்னியில் உப்பும் தீப்பெட்டியும் வாங்குகிறவர் தலையில்தான் பின்னம் விழுகிறது.

மூதாட்டி காசை முந்தானையில் முடிந்துகொண்டே கேட்கிறார். “ஒம்போது பென்ஸுன்னா இந்தக் கணக்குல எவ்வளவுடா?”

பையன் அண்ணாந்து அட்டவணையைப் பார்க்கிறான். உதட்டை அசைத்துக் கூட்டிப் பார்க்கிறான். “ஏழரை சென்ட். ஆனா அரை சென்ட் கிடையாதே. ஏழுன்னு வெக்கணும், இல்லன்னா எட்டுன்னு வெக்கணும்.”

“ஏழரையா,” என்கிறார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்பது பென்ஸ் எங்கிருந்து வந்தது என்பதை நான் சொல்லியாக வேண்டும். கிர்மிட் என்ற கூலி ஒப்பந்தத்தில் ஆணுக்கு ஒரு நாள் கூலி ஒரு ஷில்லிங். பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ். அதுவும் அன்றைக்கு அளந்து கொடுத்த வேலையை முடித்தால்தான். சங்கிலி பிடித்து வரிசை அளப்பார்கள். அந்தி சாய்வதற்குள் களை எடுத்து முடிக்காவிட்டால் கூலியில் கைவைப்பார்கள். 1879இல் லியோனிடாஸ் கப்பலில் தொடங்கி 1916வரை அறுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்களை இந்தியாவிலிருந்து இந்தத் தீவுகளுக்கு ஏற்றி வந்தார்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல் வந்தது. அதில் வந்தவர்கள் சுமார் 15,000 பேர். தமிழர், தெலுங்கர், மலையாளிகள். வடஆற்காடு, செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமங்களை விட்டுக் கிளம்பி, சென்னை டிப்போவில் கைநாட்டு வைத்து, கப்பல் இறங்கியதும் நுக்குலாவு தீவில் நோய்க்காவலில் இருந்து, பிறகு ஆளுக்கொரு தோட்டமாகப் பிரிந்து போனவர்கள். பாரதி கண்ணீரோடு பாடிய பெண்கள் இவர்கள்தான். ஒப்பந்தங்கள் 1920 ஜனவரி 1 அன்று ரத்தாயின. அந்தப் பெண்களில் உயிரோடு மிஞ்சியவர்கள் 1969இல் கிழவிகள். அவர்களின் இளமையில் ஒரு முழு நாளுக்குச் சர்க்கரைக் கம்பெனி வைத்த விலையைப் புதுக் காசில் சரியாக எண்ணி வைக்கவே முடியாது. ஆணின் ஷில்லிங் அப்படியே 10 சென்ட் ஆகிவிட்டது. பெண்ணின் ஒன்பது பென்ஸுக்குத்தான் இடமில்லை. யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. பத்தால் வகுத்தால் அப்படித்தான் வரும். தெரிந்தும் அந்த அரை சென்டை என்னால் விட்டுவிட முடியவில்லை.

கடைக்குள் இன்னொருவர் வருகிறார். இடுப்பில் சுலுத் துணி கட்டிய பிஜியர், ஐம்பது வயது இருக்கும். பக்கத்துக் கிராமம். “புலா,” என்கிறார். கடைக்காரரும் “புலா” சொல்கிறார். பிறகு பேச்செல்லாம் இந்துஸ்தானியில். மீன் டின் இரண்டு, ஒரு புட்டி மண்ணெண்ணெய். ஒரு பவுண்டு நோட்டை நீட்டுகிறார், மீதியாக டாலர் நோட்டும் சில்லறையும் வருகின்றன. சில்லறையை அவர் எண்ணவில்லை. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கிறார்.

முன்பக்கம் எல்லாவற்றிலும் ஒன்றுதான்: இரண்டாம் எலிசபெத் ராணி. பழைய காசில் கிரீடம் வைத்திருந்தவர் இப்போது மெல்லிய தலையணியோடு இருக்கிறார். ஆர்னால்ட் மேச்சின் வடித்த உருவம் அது. மாறியது பின்பக்கம். 1 சென்டில் தனோவா, யங்கோனா என்ற பானம் கரைக்கும் பல கால் கொண்ட மரத்தொட்டி. 2 சென்டில் ஓலை விசிறி. 5 சென்டில் லாலி, மரத்தைக் குடைந்து செய்து ஊரைக் கூட்ட அடிக்கும் பறை. 10 சென்டில் குண்டுத் தலை கொண்ட எறிதடி. போர்வீரர்கள் இடுப்பில் செருகியிருந்தது. 20 சென்டில் தம்புவா.

இந்தக் கடைசிக் காசில் அவர் நின்றுவிடுகிறார்.

தம்புவா என்பது திமிங்கலப் பல். எண்ணெய் தேய்த்துத் தேய்த்து மஞ்சளேறி, இரண்டு முனையிலும் துளையிட்டு, தென்னை நாரில் முறுக்கிய கயிறு கட்டியது. பெண் கேட்கப் போகிறவர்கள் அதை எடுத்துப் போவார்கள். சாவு வீட்டுக்கும் அது போகும். தவறு செய்தவன் மன்னிப்புக் கேட்க வந்தாலும், ஒரு தலைவரிடம் பெரிய காரியத்துக்கு உதவி கேட்க வந்தாலும், முதலில் தம்புவாவை இரு கையாலும் ஏந்தி நீட்ட வேண்டும். அதற்கென்று சொல்லும் சொற்கள் உண்டு. வாங்குகிறவர் பதிலுக்குச் சொல்லும் சொற்களும் உண்டு. அதை வாங்கிவிட்டால் கேட்டதை மறுப்பது கடினம். விலை பேசி விற்கிற பொருளல்ல அது. பிஜியில் மிக மதிப்புள்ள பொருள், பணமாக ஒருபோதும் இருந்திராத பொருள், இன்று மண்ணெண்ணெய்க்கு மீதியாக அவர் கையில் இருக்கிறது.

அவர் கோபப்படவில்லை. காசை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிக்கிறார். பல்லின் வளைவும் கயிற்றின் முறுக்கும் துல்லியமாக இருக்கின்றன. வரைந்தவர் உண்மையான தம்புவாவைப் பார்த்துத்தான் வரைந்திருக்கிறார். அவர் முகத்தில் மெல்லப் பூரிப்பு ஏறுகிறது. பக்கத்தில் நிற்கும் மூதாட்டியிடம் காசை நீட்டி, “இது எங்களுடையது,” என்று இந்துஸ்தானியில் சொல்கிறார். பல ஆண்டு பழகிய குரல் அது. மூதாட்டியும் வாங்கிப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கு,” என்று அதே மொழியில் சொல்லித் திருப்பிக் கொடுக்கிறார்.

அவர் மழையில் இறங்கிப் போன பிறகு பேரனிடம் தமிழில் கேட்கிறார். “நம்மளுது எதுடா?”

பையன் தேடுகிறான். விசிறியைப் பார்க்கிறான், பறையைப் பார்க்கிறான். கடைசியில் 1 சென்டை எடுத்து, “இது யங்கோனாக் கிண்ணம், ஆயா. நம்ம வீட்டுலயும் குடிக்கிறோமே,” என்கிறான். அவன் சொன்னதில் தப்பில்லை. நாளெல்லாம் கரும்பு வெட்டிவிட்டு வருகிறவர்கள் மாலையில் வட்டமாக உட்கார்ந்து யங்கோனா குடிப்பது இந்தியர் வீடுகளிலும் வேரூன்றிவிட்ட பழக்கம். தீவுக்குச் சொந்தக்காரர்களின் சடங்குக் கிண்ணத்தை வந்தேறிய கூலிகளும் தம் முற்றத்தில் வைத்துக்கொண்டார்கள். இரண்டு சமூகமும் சேர்ந்து தொட்ட ஒரே பொருள் வரிசையிலேயே சிறிய காசில் இருக்கிறது.

பிறகு அவன் கண் பழைய கல்லாவின் குழிக்குப் போகிறது. ஃப்ளோரின் ஒன்றை எடுத்துப் புது 20 சென்டின் பக்கத்தில் வைக்கிறான். இரண்டும் ஒரே வட்டம். ஃப்ளோரினில் கேடயம்: மேலே கோகோ காயைப் பிடித்திருக்கும் சிங்கம், கீழே சிலுவை பிரித்த நாலு கட்டம். ஒரு கட்டத்தில் தென்னை, ஒன்றில் வாழைக்குலை, ஒன்றில் புறா. மிஞ்சிய கட்டத்தில் கரும்பு.

“இதுல கரும்பு இருக்குது, ஆயா.”

“எங்க, காட்டு.”

அவருடைய பார்வைக்கு அது எட்டாது. காசு தேய்ந்தும் இருக்கிறது. பையன் அவர் நகத்தைப் பிடித்து அந்தக் கட்டத்தின்மேல் வைக்கிறான். தேய்ந்த கரும்பை நகம் தடவுகிறது. கடைக்காரர் அவசரப்படுத்தவில்லை. நேரமாயிற்று என்று மூதாட்டியே காசைத் திருப்பி வைக்கிறார்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். 1934 முதல் காலனியின் புழக்கக் காசில் கரும்பு இருந்த ஒரே இடம் ஃப்ளோரின். ஃப்ளோரினின் இடத்துக்கு வந்தது 20 சென்ட். கேடயத்தை எடுத்துவிட்டுத் தம்புவாவை வைத்தபோது, தீவின் சில்லறையிலிருந்து கரும்பு சத்தமில்லாமல் போய்விட்டது. விடுதலை வாசலில் நிற்கிறது. அந்த நேரத்தில் நாட்டின் ஏற்றுமதியில் முதலிடம் சர்க்கரைக்கு. லௌதோகா, பா ஊரின் ராராவாய், ராக்கிராக்கிப் பக்கத்துப் பெனாங், வடக்குத் தீவில் லம்பாசா, இந்த நாலு ஆலையின் சங்கு ஊதித்தான் பாதி நாடு எழுந்திருக்கிறது. 1966 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 4,77,000. அதில் ஏறக்குறைய 2,41,000 பேர் இந்தியர், 2,02,000 பேர் பிஜியர். பாதிக்குச் சற்று மேலிருந்த மக்களின் உழைப்புக்கு அடையாளமாக அந்த வரிசையில் ஒரு கணுக் கரும்புகூட இல்லை.

அதற்காகத் தம்புவா வந்தது தவறு என்று சொல்ல மாட்டேன். தொண்ணூறு ஆண்டுக்கு மேலாக அந்நியர் ஆண்ட தீவில் மண்ணின் மக்கள் தங்கள் பறையையும் விசிறியையும் தங்கள் காசில் பார்த்தால் அது நியாயம். முந்தைய வரிசையின் ஆமையும் படகும் வெளியூர்க்காரன் கண்ணுக்கு அழகான தீவுக் காட்சிகள். தம்புவாவும் தனோவாவும் உள்ளூர்க்காரனுக்கு மட்டும் அர்த்தம் தெரிந்த பொருள்கள். அந்த வகையில் 1969 வரிசை பழையதைவிட நேர்மையானது. கடைக்கு வந்த அந்த மனிதரின் பூரிப்பு எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் ஐந்து காசில் ஐந்தையும் ஒரே பக்கத்துக்குக் கொடுத்தவர்கள், ஒன்றில் ஒரு கரும்புக் கழியைச் செருகியிருக்கலாம். நிலம் யாருடையது என்பதில் அன்றும் சிக்கல் இல்லை: நூற்றுக்கு 83 பங்கு பிஜியர் குலங்களின் பெயரில் இருந்தது, விற்கவும் முடியாது. பயிர் வைத்த இந்தியர் குத்தகைக்காரர். கம்பெனி பிரித்துக் கொடுத்த பத்து ஏக்கர் சொச்சத்திலும், பிஜியரிடம் வாங்கிய குத்தகையிலும் அவர்கள் வாழ்வு ஓடியது. பத்திரத்தில் நிலம் இல்லை, காசில் பயிர் இல்லை என்றால், ‘நம்மளுது எதுடா’ என்ற கேள்விக்கு ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் என்ன பதில் சொல்வான்?

அந்த ஆண்டு முழுவதும் காசைப் பற்றிய பெரிய சண்டை வேறிடத்தில் நடந்தது. விவசாயிகளுக்கும் ஆலைக்கும் இடையிலான கரும்பு ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருந்தது. ஆலைகள் ஆஸ்திரேலியாவின் காலனியல் சுகர் ரிஃபைனிங் கம்பெனியைச் சேர்ந்தவை. கரும்புக் காட்டில் அதற்குப் பெயர் வெறுமனே ‘கம்பெனி’. பேச்சு முறிந்து நடுவர் விசாரணைக்குப் போனது. நடுவராக லண்டனிலிருந்து வந்தவர் நீதிபதி டெனிங் பிரபு. விவசாயிகளுக்காக ஏ.டி. படேல் வாதாடினார். அவரோடு நெடுங்காலமாகத் தோள்கொடுத்து நின்றவர் சுவாமி ருத்ரானந்தா. சாது குப்புசாமி 1926இல் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்துக்குத் துணையாக வந்த ராமகிருஷ்ண மிஷன் துறவி அவர். 1943 வேலைநிறுத்தத்திலேயே கரும்பு விவசாயிகளோடு நின்றவர். கடைக்கு வந்த பையனின் பள்ளிக்கூடம் அந்தச் சங்கம் நடத்துவதாக இருக்கலாம். மேற்குக் கரைத் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு அப்படித்தான். 1969 அக்டோபர் 1 அன்று படேல் இறந்தார். தீர்ப்பை அவர் பார்க்கவில்லை.

1970இன் தொடக்கத்தில் தீர்ப்பு வந்தது. வருவாயில் விவசாயிக்கு 65 பங்கு, ஆலைக்கு 35. விலை எவ்வளவு விழுந்தாலும் டன்னுக்குக் குறைந்தது 7 டாலர் 75 சென்ட் கொடுத்தாக வேண்டும். இந்தக் கணக்கில் தொழில் கட்டாது என்று கம்பெனி சொல்லி, 1973இல் ஆலைகளை அரசாங்கத்திடம் விற்றுவிட்டுப் போனது. புது டாலர் பிறந்து ஓராண்டில் அதில் எழுதப்பட்ட மிக முக்கியமான தொகை அந்த 7.75 என்றே நான் நினைக்கிறேன். காசில் இல்லாத கரும்பு காசின் கணக்கில் வந்து உட்கார்ந்துகொண்டது.

1970 அக்டோபர் 10, சனிக்கிழமை. தீவுகளைத் தலைவர்கள் பிரிட்டனுக்கு ஒப்புக்கொடுத்த அதே தேதி, 96 ஆண்டு கழித்து. சுவாவின் ஆல்பர்ட் பூங்காவில் இளவரசர் சார்லஸ் விடுதலைப் பத்திரத்தைப் பிரதமர் ராத்து கமிசெசே மாராவிடம் கொடுக்கிறார். வெளிர்நீலக் கொடி ஏறுகிறது. மூலையில் பிரிட்டனின் கொடி இன்னும் இருக்கிறது. வலப்பக்கத்தில் ஃப்ளோரினில் இருந்த அதே கேடயம். சிங்கம், கோகோ, தென்னை, வாழை, புறா. கரும்பும் அங்கே பச்சை நிறத்தில் இருக்கிறது. காசிலிருந்து இறங்கியது கொடியில் ஏறிவிட்டது. கையில் புழங்குவதிலோ ராணியும் திமிங்கலப் பல்லும் அப்படியே. புது நாட்டுக்கும் அவர்தான் ராணி. சில்லறையை மாற்ற யாருக்கும் காரணம் இல்லை.

மேற்குக் கரையில் அன்றைக்கும் அரைப்புக் காலம். வெட்டிய கரும்பு சின்ன ரயில் பெட்டிகளில் ஏறி ஆலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. கடைக்காரரின் ரேடியோவில் சுவா நிகழ்ச்சி ஓடுகிறது. இப்போது கல்லா ஒன்றுதான். பிஸ்கட் டின்னைக் காணோம். பழைய பலகையின் குழிகளில் சென்ட்கள் உட்கார்ந்திருக்கின்றன. மூன்று பென்ஸுக்கான குழியில் மட்டும் அவர் குண்டூசி போட்டு வைத்திருக்கிறார்.

மூதாட்டி வந்திருக்கிறார். பேரன் ஓரடி வளர்ந்திருக்கிறான். நோட்டில் வீட்டுப் பாக்கி எவ்வளவு என்று கேட்க வந்தவர்கள். கடைக்காரர் பக்கத்தைத் திருப்பிக்கொண்டே, இந்தத் தடவை டன்னுக்கு ஏழே முக்கால் டாலருக்குக் குறையாதாமே என்று கேட்கிறார். மூதாட்டி பேரனைப் பார்க்கிறார்.

“ஷில்லிங்குல சொல்லு.”

“எழுபத்தேழரை ஷில்லிங், ஆயா. மூணு பவுண்டு பதினேழு ஷில்லிங் ஆறு பென்ஸ்.”

இந்தத் தடவை பின்னம் விழவில்லை. அவர் விரல் மடக்கி எதையோ கூட்டிப் பார்க்கிறார்.

“வெட்டுக்கூலி எவ்வளவு பிடிப்பான்?”

பேரன் சொல்கிறான்.

“வண்டிக்கு? குத்தகைக்கு?”

அதையும் சொல்கிறான். கடைக்காரர் நோட்டைத் திருப்பி, சிவப்புக் கோட்டுக்குக் கீழே உள்ள எண்ணில் விரலை வைத்துக் காட்டுகிறார். மூதாட்டி மூன்றையும் கழித்து, மிச்சத்தில் நோட்டுப் பாக்கியையும் கழித்துவிட்டு, “நாலு ராத்தல் அரிசி இல்ல, எட்டாப் போடச் சொல்லு,” என்கிறார்.